எரிபொருள் மின்கலத்துக்கு வெள்ளியா, நிக்கலா? எம்.எஸ்சி புராஜெக்ட்டுக்கு எதை எடுக்கலாம்?

கேள்வி: தருமபுரியில் எம்.எஸ்சி வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எரிபொருள் மின்கலத்தில் பிளாட்டினத்துக்குப் பதிலாக வெள்ளி அல்லது நிக்கல் நானோ துகள் வைத்து புராஜெக்ட் செய்ய ஆசை. கல்லூரியில் வசதி குறைவு. முடியுமா?

முடியும். வெள்ளியை எடுங்கள், காரக் கரைசலில் வையுங்கள், ஆக்சிஜன் பக்கத்தை மட்டும் பாருங்கள். (எரிபொருள் மின்கலம் என்பது ஒரு பக்கம் ஹைட்ரஜன் போன்ற எரிபொருளையும் மறுபக்கம் ஆக்சிஜனையும் செலுத்தி மின்சாரம் எடுக்கும் கருவி. இரு பக்கத்து வினையையும் வேகப்படுத்தும் வினையூக்கிதான் பிளாட்டினம்.)

நான் பக்கத்தில் கிருஷ்ணகிரியில் பாடம் நடத்துகிறவன். முனைவர் பட்டத்துக்குச் செய்ததும் இந்த வினையூக்கிகள்தான். வருடாவருடம் இதே ஆசையோடு யாராவது வந்து நிற்பார்கள். போச்சம்பள்ளிப் பக்கம் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தபிறகு இன்னும் அதிகம். (அந்த வண்டிகளில் இருப்பது லித்தியம் பேட்டரி, பிளாட்டினத்துக்கு அங்கே வேலையே இல்லை. ஆர்வம் எந்த வழியில் வந்தால் என்ன!)

முதலில், துகளை ஏன் நானோ அளவுக்குக் கொண்டுபோகிறோம்? ஒரு கிராம் பிளாட்டினத்தை ஒரே கட்டியாக வைத்தால் அதன் வெளிப்பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டர்கூடத் தேறாது. அதையே 3 நானோமீட்டர் உருண்டைகளாக்கினால் 90 சதுர மீட்டருக்கு மேல் வரும், கிட்டத்தட்ட ஆயிரம் சதுர அடி வீட்டின் தரை. வினை நடப்பது மேற்பரப்பில் மட்டும் என்பதால், உள்ளே புதைந்திருக்கும் அணுவுக்குக் கொடுத்த காசு வீண். அதற்காகச் சிறுத்துக்கொண்டே போகவும் முடியாது. ரொம்பச் சிறிய துகள் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும். மெல்லக் கரைந்து பெரிய துகளின் மேல் போய்ப் படியும்.

இனி உலோகம். ஹைட்ரஜன் மின்கலத்தின் கொள்கையளவு மின்னழுத்தம் 1.23 வோல்ட், ஓடும்போது கையில் கிடைப்பது 0.6 முதல் 0.7 வரை. இந்த இழப்பில் பெரும்பங்கு ஆக்சிஜன் பக்கத்தில். ஆக்சிஜன் மூலக்கூறைப் பிடித்து, பிளந்து, நான்கு எலக்ட்ரான் கொடுத்து, விளைந்ததை விட்டுவிடவும் வேண்டும். நிக்கல் பிடித்ததை விடாது. தங்கமோ சரியாகப் பிடிக்கவே பிடிக்காது. பிளாட்டினம் இரண்டுக்கும் நடுவில்.

அதைவிடப் பெரிய சிக்கல் அமிலம். ஹைட்ரஜன் கார்களில் வரும் எரிபொருள் மின்கலத்தில், இரு பக்கங்களுக்கும் நடுவே நாஃபியான் போன்ற பிளாஸ்டிக் சவ்வு இருக்கிறது. அதன் சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகள்தான் புரோட்டானைக் கடத்துகின்றன. அந்தச் சூழலில், ஆக்சிஜன் பக்கத்து மின்னழுத்தத்தில், நிக்கலும் வெள்ளியும் கரைந்து போகும். கரைந்த அயனி சும்மாவும் இருக்காது, சவ்வுக்குள் புகுந்து புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மலிவான உலோகம் வேலை செய்யவில்லை என்பதைவிட, அங்கே அது உயிரோடு இருப்பதில்லை என்பதுதான் உண்மை.

காரத்தில் கதை வேறு. பிரான்சிஸ் பேக்கன் 1959-இல் பொட்டாசியம் ஹைட்ராக்சைடும் நிக்கல் மின்முனைகளும் கொண்டு 5 கிலோவாட் மின்கலத்தை இயக்கிக் காட்டினார். அப்பல்லோ விண்கலங்களில் மின்சாரம் தந்தது அந்த வழியில் வந்த மின்கலம்தான். பிறகு ஏன் சாலைக்கு வரவில்லை? காற்றிலிருக்கும் கரியமில வாயு காரத்தைக் கார்பனேட்டாக்கிவிடும். விண்கலத்தில் தூய ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு போகலாம், பேருந்தில் அது நடக்கிற காரியமா? இப்போது புரோட்டானுக்குப் பதில் ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் எதிரயனிச் சவ்வுகள் வந்தபிறகு கார வழி மறுபடி சூடுபிடித்திருக்கிறது. வெள்ளி அங்கே கரையாமல் நிற்கும், ஆக்சிஜனையும் நன்றாகவே ஒடுக்கும் (அதாவது எலக்ட்ரான் கொடுத்து வினைபுரிய வைக்கும்). பிளாட்டினத்தை எட்டாது, ஆனால் மதிக்கத்தக்க வேலை.

நிக்கல் வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் நீங்கள் படிக்கப்போகும் கட்டுரைகள். "மெத்தனால் மின்கலத்துக்கு நிக்கல் ஆக்சைடு நானோ துகள்" என்று குவிந்து கிடக்கும். வரைபடம் அழகாக மேலே ஏறும், மின்னோட்டமும் பிரமாதமாக இருக்கும். கீழே அச்சைப் பாருங்கள்: ஒப்பீட்டுக்கு வைக்கும் வெள்ளி-வெள்ளி குளோரைடு மின்முனையோடு ஒப்பிட்டால் 0.4 வோல்ட்டில் மெத்தனாலின் ஆக்சிஜனேற்றம் தொடங்குகிறது என்று இருக்கும். 0.4 தானே, குறைவுதானே என்று தோன்றும். கரைசல் 0.1 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, பி.எச். 13. அதே கரைசலில் உள்ள ஹைட்ரஜன் மின்முனையைச் சுழியமாக வைத்துக் கணக்குப் போட்டால் 0.4 உடன் அந்த ஒப்பீட்டு மின்முனைக்கே உரிய 0.197-ஐயும், பி.எச்.சுக்காக 13-ஐ 0.059 ஆல் பெருக்கி வரும் 0.767-ஐயும் கூட்ட வேண்டும். 1.36 வோல்ட் வருகிறது. எதிர்ப்பக்கத்து ஆக்சிஜனுக்கே உச்சம் 1.23 தான், எரிபொருள் பக்கம் அதற்குக் கீழே இருந்தால்தான் மின்சாரம் வரும்! அப்படியொரு மின்கலம் மின்சாரம் தராது, நாம்தான் அதற்குக் கொடுக்க வேண்டும். மின்னாற்பகுப்புக்கு அந்த வினை பயன்படும், யூரியா கலந்த நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுக்க முயல்கிறவர்கள் நிக்கலை அப்படித்தான் கையாள்கிறார்கள். எரிபொருள் மின்கலம் என்ற தலைப்பை மட்டும் அதற்கு வைக்காதீர்கள். வைவாவுக்கு வரும் எக்ஸ்டர்னலுக்கு விஷயம் தெரிந்திருந்தால் அச்சைத்தான் முதலில் பார்ப்பார்.

துகள் செய்யும் முறைக்கு வருவோம். இலைச்சாற்றில் செய்கிறேன் என்று தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம். நம் பக்கம் மா இலைக்குப் பஞ்சமில்லை, சில்வர் நைட்ரேட்டில் சாற்றை ஊற்றினால் நிறம் மாறுவதும் நிஜம். ஆனால் வெள்ளியை ஒடுக்கிய அதே பாலிபீனால்கள் துகளைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும். கிருமிநாசினி ஆய்வுக்கு அது பரவாயில்லை. நமக்கு வேண்டியது வெறும் மேற்பரப்பு. கார்பன் பிளாக்கை நீரில் கலக்கி, சில்வர் நைட்ரேட் சேர்த்து, பனிக்கட்டியில் வைத்துச் சோடியம் போரோஹைட்ரைடைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஹைட்ரஜன் வெளிவரும், பக்கத்தில் பர்னர் எரியக் கூடாது.

தண்ணீர் விஷயம் முக்கியம். நம் மாவட்டத்தில் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு பேச்சுதான், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் அதனால்தான். வினையூக்கிக்கு எதிரி அது இல்லை, குளோரைடு. போர் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைப் போட்டுப் பாருங்கள், பால் மாதிரி வெளுக்கும். கண்ணாடிப் பாத்திரங்களைக் கடைசியாக அலசுவதும் தூய நீரில்தான் இருக்க வேண்டும்.

அளவீட்டுக்குச் சுழல் மின்முனை (கரைசலில் சுழன்றுகொண்டே அளக்கும் மின்முனை) இல்லை என்றால் விட்டுவிடுங்கள். மின்னழுத்தத்தை மாற்றி மின்னோட்டத்தை அளக்கும் பொட்டென்ஷியோஸ்டாட் ஒன்று போதும். கரைசலில் நைட்ரஜன் ஊதி ஒரு மின்னோட்ட வளைவு, ஆக்சிஜன் ஊதி ஒரு வளைவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் முடிவு. வெள்ளி சேர்க்காத வெறும் கார்பனையும் கட்டாயம் அளக்க வேண்டும். காரத்தில் கார்பனே கொஞ்சம் ஆக்சிஜனை ஒடுக்கும், பெராக்சைடு வரை. அந்தப் பங்கை வெள்ளியின் கணக்கில் எழுதக் கூடாது. சுற்றை முடிக்க வைக்கும் துணை மின்முனையாக (கவுன்டர் எலக்ட்ரோடு) பிளாட்டினக் கம்பி வேண்டாம், கிராஃபைட் தண்டு வையுங்கள். கம்பியிலிருந்து துளி கரைந்து உங்கள் மின்முனையில் படிந்தாலும், பிளாட்டினம் இல்லாத வினையூக்கி என்று தலைப்பு வைத்துப் பிளாட்டினத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

துகளின் அளவைக் காண எக்ஸ்.ஆர்.டி. (எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு) போதும். 38 பாகைக்கருகே வரும் வெள்ளியின் உச்சம் எவ்வளவு அகலம் என்று பார்த்து அகலத்திலிருந்து துகளின் அளவைத் தரும் ஷெரர் சமன்பாட்டில் போடுங்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் ஒன்றாவது வேண்டும் என்று வழிகாட்டி சொன்னால் காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) போன்ற இடங்களில் கேட்டுப் பாருங்கள். அதற்கான கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தை இந்த வாரமே வாங்கிவிடுங்கள், கடைசி மாதத்தில் எல்லோரும் அங்கே வரிசையில் நிற்பார்கள்.