கேளுங்க சொல்றோம்: இந்தக் காலத்து கிரேக்க வானியலாளர்கள் எங்க இருக்காங்க?

கே: அரிஸ்டார்க்கஸ், ஹிப்பார்க்கஸ், டாலமின்னு ஸ்கூல் புக்ல வர்ற கிரேக்க வானியல் ஆளுங்க எல்லாம் ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஆளுங்களா இருக்காங்களே, அதுக்கப்புறம் அந்த ஊர்ல யாருமே பொறக்கலையா சார்?
- ஒரு வாசகர், தஞ்சாவூர்

ப: பொறந்திருக்காங்க, நிறையவே. ஆனா ஏதென்ஸ்ல போய்த் தேடுனா பாதிப் பேர் கிடைக்க மாட்டாங்க, பாரிஸ், சிகாகோ, வாஷிங்டன் பக்கம் தேடணும். கிரீஸ் தனி நாடுன்னு ஆனதே 1830-லதான். 1842-ல வியன்னாவுல பெரும் பணக்காரரா இருந்த கியோர்கியோஸ் சினாஸ் காசு குடுக்க ஏதென்ஸ்ல ஒரு குன்னு மேல அப்சர்வேட்டரி கட்ட ஆரம்பிச்சாங்க, அதுக்கு 1858-ல டைரக்டரா வந்தவரு ஜூலியஸ் ஷ்மிட்னு ஒரு ஜெர்மன்காரர், சாகுற வரைக்கும் அங்கயே இருந்து நிலாவுக்கு பெரிய மேப் போட்டவர்.

அவர் வெளிய இருந்து கிரீஸுக்கு வந்தாரு, இஸ்தான்புல்ல கிரேக்கக் குடும்பத்துல 1870-ல பொறந்த எவ்ஜெனியோஸ் அந்தோனியாடி வெளிநாட்டுக்குப் போனாரு. 1893-ல பிரான்ஸ் போய் ஃபிளம்மரியான்னு ஒரு பிரெஞ்சு வானியலாளரோட அப்சர்வேட்டரில வேலை பாத்தாரு. அப்ப செவ்வாய்ல கால்வாய் இருக்கு, அதை யாரோ வெட்டியிருக்காங்கன்னு ஊரே பேசிக்கிட்டு இருந்த நேரம், இவரே ஆரம்பத்துல கால்வாய் வரைஞ்சவர்தான். 1909 செப்டம்பர்ல பாரிஸ் பக்கத்துல மியூடான்ல இருந்த 83 செ.மீ. டெலஸ்கோப்ல கண்ணை வெச்சுப் பாத்தா கோடே இல்ல, ஒழுங்கில்லாத திட்டுத்திட்டாதான் தெரியுது. சின்ன டெலஸ்கோப்ல புள்ளிகளை நம்ம கண்ணுதான் கோடா சேத்துக்கிச்சு. கால்வாய்க் கதைக்கு அதோட மூச்சு நின்னுச்சு. மியூடான்ல அவருக்கு சம்பளமே கிடையாது, வாலண்டியர்தான்! நடுவுல 1907-ல பாரிஸ் செஸ் போட்டில ஃபிராங்க் மார்ஷலோட சேந்து முதல் இடம் வேற. இன்னிக்கும் அமெச்சூர்ங்க வானம் எவ்ளோ அசையாம தெளிவா இருக்குன்னு 1-லேர்ந்து 5 வரைக்கும் மார்க் போடுறாங்களே, அது இவர் பேர்ல உள்ள ஸ்கேல்தான்.

கே: டாலமி கிரேக்கரா, எகிப்துக்காரரா?
- ஒரு வாசகி, கரூர்

ப: எழுதுனது கிரேக்கம், வாழ்ந்தது எகிப்துல அலெக்ஸாண்ட்ரியா, ஆண்டது ரோம். நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

கே: கிரீஸ்ல வானியல் பிஎச்.டி பண்ணவே முடியாதா, ஏன் எல்லாரும் வெளிய ஓடுறாங்க?
- எம்.எஸ்சி. பிசிக்ஸ் மாணவி, திருநெல்வேலி

ப: தாராளமா பண்ணலாம்மா. அங்க ஒரு கைடு மட்டும் இல்ல, மூணு பேர் கமிட்டி கூடவே இருந்து பாத்துக்கும், கடைசில தீசிஸை ஏழு பேர் உக்காந்து கேள்வி கேப்பாங்க, குறைஞ்சது மூணு வருஷம். ஃபீஸ் பிரச்னை பெருசா இல்ல, ஆனா மாசாமாசம் ஸ்டைபெண்ட் கைக்கு வரும்னு நிச்சயமும் இல்ல, ஆராய்ச்சிக்குன்னு தனியா ஒரு நிதி அமைப்பு வந்ததே 2016-லதான். அமெரிக்காவுல அட்மிஷன் கிடைச்சா பெரும்பாலும் ஸ்டைபெண்டோடதான் கிடைக்கும், பசங்க ஏன் போறாங்கன்னு இதுக்கு மேல விளக்கணுமா?

எனக்குப் படுறது என்னன்னா, பேப்பரும் கம்ப்யூட்டரும் போதும்ங்கிற சப்ஜெக்ட் எடுத்தவங்க ஊர்ல இருந்துக்கிட்டே உலகப் பேர் வாங்கியிருக்காங்க, சாட்டிலைட், டிடெக்டர்னு கருவி தேவைப்பட்டவங்களுக்குத்தான் வேற வழியே இல்ல. 1928-ல பொறந்த கியோர்கியோஸ் கொண்டோபுலோஸை எடுத்துக்கோங்க, டாக்டரேட் ஏதென்ஸ்லயே. ஒரு நட்சத்திரம் கேலக்ஸிக்குள்ள சுத்துறப்ப அதோட ஆற்றலும் கோண உந்தமும் மாறாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஸ்டாக்ஹோம்ல கம்ப்யூட்டர்ல பாதைகளைப் போட்டுப் பாத்த இவருக்கு மாறாத மூணாவது ஒண்ணு இருக்குற மாதிரியே தெரிஞ்சுது, 1960-ல பேப்பரா எழுதிட்டாரு. அதை ஹெனான், ஹெய்ல்ஸ்னு ரெண்டு பேர் தோண்டப் போக, 1964-ல அது கேயாஸ் தியரி (ஆரம்பத்துல துளி மாறுனாலும் முடிவு தலைகீழாயிடும்ங்கிற கணக்கு) பக்கம் கொண்டு போய் விட்டுச்சு. அதே மாதிரி கிளியோமெனிஸ் சிகானிஸ், தெசலோனிக்கில டாக்டரேட், அப்புறம் போஸ்ட்டாக் பிரான்ஸ்ல நீஸ் நகரத்துல. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நாலும் முதல்ல நெருக்கமா இருந்து அப்புறம்தான் விலகிப் போச்சுன்னு 2005-ல வந்த 'நீஸ் மாடல்' பேப்பர்ல முதல் பேரு இவரோடது. திரும்ப தெசலோனிக்கிக்கே வந்து புரொஃபசர் ஆயிட்டாரு.

கே: நாசா பக்கம் கிரேக்கர் யாராவது பெரிய ஆளா இருக்காங்களா?
- ஒரு வாசகர், ஈரோடு

ப: ஸ்டாமாடிஸ் கிரிமிகிஸ். கியோஸ் தீவுல 1938-ல பொறந்து, மின்னசோட்டால டிகிரி முடிச்சு, அயோவால வான் ஆலன்கிட்ட பிஎச்.டி-க்கு சேந்தாரு, பூமியைச் சுத்தி இருக்குற கதிர்வீச்சு வளையத்துக்குப் பேரு வெச்சாங்களே அதே வான் ஆலன். ஸ்டூடண்டா இருக்கும்போதே நாசாவோட மாரினர் 4 விண்கலத்துல போற டிடெக்டர் வேலை, அது 1965 ஜூலைல செவ்வாயைத் தாண்டிப் போச்சு, அங்க அந்த மாதிரி வளையமே இல்லன்னு வந்த பேப்பர்ல கைடு பேரோட இவர் பேரும் இருக்கு, அதே வருஷம் பிஎச்.டி-யும் கையில. தீசிஸ் வருஷத்துல இப்படி ஒரு அதிர்ஷ்டம் யாருக்கு அடிக்கும்?

அப்புறம் வாயேஜர் 1, வாயேஜர் 2-ன்னு ரெண்டு விண்கலத்துலயும் துகள்களை அளக்குற கருவிக்கு இவர்தான் தலைமை. அதுல டிடெக்டரை நாலாபக்கமும் திருப்ப ஒரு குட்டி மோட்டார், 5 லட்சம் தடவை திரும்புனா போதும், சனி வரைக்கும் தாங்கும்னு டெஸ்ட் பண்ணி அனுப்புனாங்க, அது 60 லட்சத்தையும் தாண்டி ஓடுச்சு. 2012 ஆகஸ்ட்ல வாயேஜர் 1 சூரியனோட எல்லையைத் தாண்டிருச்சுன்னு சொல்ல உதவுன கருவிகள்ல அதுவும் ஒண்ணு. புதன்லேர்ந்து புளூட்டோ வரைக்கும் எல்லாத்துக்கும் போன ஏதோ ஒரு கருவில இவர் கை இருக்கு.

கே: பெண்கள்?
- ஒரு வாசகி, மதுரை

ப: இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். கிறிஸா கூவெலியோட்டூ, ஏதென்ஸ்ல டிகிரி, இங்கிலாந்துல சசெக்ஸ்ல மாஸ்டர்ஸ், 1981-ல மியூனிக்ல டாக்டரேட், எடுத்துக்கிட்டது காமா கதிர் வெடிப்பு, அதாவது விண்வெளிலேர்ந்து திடீர்னு காமா கதிர் பளிச்சுன்னு வந்து அடங்குறது. அணுகுண்டு சோதனையை வேவு பாக்க அமெரிக்கா விட்ட சாட்டிலைட்ல தற்செயலா சிக்குன சமாச்சாரம் அது, 1973-லதான் வெளிய சொன்னாங்க, அப்ப எங்கேர்ந்து வருதுன்னே யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி சப்ஜெக்ட்ல பிஎச்.டி எடுக்குறேன்னு வீட்ல சொன்னா நம்ம ஊர்லயும் நாலு பேர் வேலை கிடைக்குமான்னுதான் கேப்பாங்க. ஏதென்ஸ்ல பாடம் நடத்திக்கிட்டே லீவுல நாசாவுக்குப் போய் ஆராய்ச்சி பண்ணாங்க, அப்புறம் அங்கயே. 1993-ல ஒரு பேப்பர்: இந்த வெடிப்புகள்ல ரெண்டு ஜாதி இருக்கு, ரெண்டு செகண்டுக்குள்ள முடியுறது ஒண்ணு, அதுக்கு மேல போறது ஒண்ணு. கேட்டா இவ்ளோதானான்னு இருக்கும், ஆனா அந்தக் கோட்டை வெச்சுத்தான் இன்னிக்கு வரைக்கும் பிரிக்கிறாங்க. 1998-ல மேக்னட்டார்ங்கிற பயங்கர காந்தப்புலம் உள்ள நியூட்ரான் நட்சத்திரம் நிஜமாவே இருக்குன்னு காட்டுனாங்க, 2021-ல விக்டோரியா காஸ்பியோட சேந்து ஷா பரிசு வாங்குனாங்க.

அந்தக் குட்டி வெடிப்பு எதனால வருதுங்கிறதுக்கு விடை 2017 ஆகஸ்ட் 17-ஆம் தேதி வந்துச்சு. ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம் மோதுன ஈர்ப்பு அலை, அதைப் பிடிக்கன்னே அமெரிக்காவுல இருக்குற லைகோ கருவில பதிவாச்சு, ரெண்டு செகண்டுக்குள்ள காமா கதிரும் வந்து சேந்துச்சு. லைகோ டீம்ல இருந்தவங்கள்ல ஒருத்தர் விக்கி கலோகெரா, இவங்களும் கிரீஸ்தான், செர்ரெஸ்னு ஒரு சின்ன டவுன். தெசலோனிக்கில டிகிரி, 1997-ல இல்லினாய்ஸ்ல பிஎச்.டி, எக்ஸ்ரே விடுற ஜோடி நட்சத்திரங்கள் எப்படி உருவாகுதுன்னு. வேடிக்கை என்னன்னா அதே செர்ரெஸ், அதே தெசலோனிக்கி, அதே இல்லினாய்ஸ், அதே 1997 இன்னொருத்தருக்கும் உண்டு, டிமிட்ரியோஸ் சால்டிஸ். 2019 ஏப்ரல்ல கருந்துளை போட்டோ வந்துச்சே, அந்த டீமோட புராஜெக்ட் சயின்டிஸ்டா இருந்தவரு. அந்த ஊர்த் தண்ணில என்ன இருக்குன்னு யாராவது பிஎச்.டி பண்ணலாம்!

பாரிஸ் அப்சர்வேட்டரில அதீனா கூஸ்டெனிஸ்னு ஒருத்தர், சனியோட நிலா டைட்டன்தான் அவங்க உலகம். வாயேஜர் டேட்டாவை வெச்சு தீசிஸ், அப்புறம் சனிக்கும் டைட்டனுக்கும் போன காசினி-ஹைகன்ஸ் விண்கலத்துல வேலை.

கே: வெளிய போனவங்க யாராவது திரும்பி வந்து எதாவது பண்ணாங்களா?
- ஒரு வாசகர், கோவை

ப: வந்திருக்காங்க. யானிஸ் செய்ராடாகிஸ் மான்செஸ்டர்ல டாக்டரேட் வாங்கி ஜெர்மனில பல்சர்னு சொல்ற துடிக்கிற நட்சத்திரங்களைப் பாத்துட்டு தெசலோனிக்கி திரும்புனவர், கடலுக்கடில கிடைச்ச ஆன்டிகித்தெராங்கிற பழங்காலக் கிரேக்க வானியல் கருவியை எக்ஸ்ரே ஸ்கேன் பண்ணி ஆராஞ்ச டீம்லயும் இருந்தாரு, 2020-ல காலமாயிட்டாரு. டெலஸ்கோப்பும் இப்ப இருக்கு, ஹெல்மோஸ் மலைல 2.3 மீட்டர் 'அரிஸ்டார்க்கோஸ்', கிரீட்ல ஸ்கினாகாஸ், கிரியோநெரில 1.2 மீட்டர். கடைசில சொன்னது நிலாவுல வெயில் படாத பகுதில விண்கல் விழுந்து பளிச்சுன்னு மின்னுறதை 2017-ல எண்ண ஆரம்பிச்சுது, அளவுல சின்னதா இருந்தாலும் அந்த வேலைக்கு அதுதான் ராஜா.

எல்லாருக்கும் சுமுகமா முடிஞ்சிருச்சுன்னு சொல்ல முடியாது. கிரிமிகிஸை 2018-ல கிரீஸோட புது ஸ்பேஸ் ஏஜென்சிக்கு தலைவராப் போட்டாங்க, புளூட்டோ வரைக்கும் கருவி அனுப்புன மனுஷன் அமைச்சகத்தோட ஒத்துப்போகாம கொஞ்ச நாள்லயே ராஜினாமா பண்ணிட்டு வெளிய வந்துட்டாரு.