சுண்டுவிரல் உயரப் படைவீரன்: கேள்வி பதில்

பினாங்கு ஜார்ஜ்டவுன் வீட்டில் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில்தான் என் பட்டறை. வரலாற்றுப் படைவீரர் பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

அண்ணே, முதல் பொம்மை எந்த அளவில் வாங்கலாம்? (பட்டர்வொர்த் தம்பி)

54 மில்லிமீட்டர் வாங்குங்கள். 28 மில்லிமீட்டர் மேசைப் போர் விளையாட்டுக்கானது. அதில் முகம் மிளகளவுதான், கை பழகாது. தூரிகை இரண்டு போதும்: 1ஆம் எண், 0ஆம் எண். முடி இழை போன்ற தூரிகையைத் தேடிப் போகாதீர்கள். அதில் நிற்கும் துளி வண்ணம் பொம்மையைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும். தூரிகையின் பருமனைவிட அதன் முனை கூராக இருப்பதுதான் முக்கியம்.

ஸ்ப்ரே ப்ரைமர் (வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால் மாவு பூத்த மாதிரி ஆகிறதே? (ஜெலுத்தோங்)

நம் ஊர்க் காற்றின் ஈரம்தான் காரணம். கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிகிறது. மழை விட்ட ஒரு மாலையில் அவசரப்பட்டு மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடித்து, பன்னிரண்டு சிப்பாய்களை ஒரே மூச்சில் வெளுக்க வைத்தேன். மூன்று மாத உழைப்பு அது. பளபளப்பு வார்னிஷை மெல்லியதாகத் தூரிகையால் பூசியதும் பெரும்பாலும் தெளிந்தது. இரண்டு மட்டும் தேறவில்லை. இப்போதெல்லாம் வெயில் ஏறிய காலையில்தான் ஸ்ப்ரேயைத் தொடுவேன். மழைக்காலத்தில் தூரிகையால் பூசும் ப்ரைமர் நல்லது.

தோல் நிறம் என்று கடையில் விற்பதெல்லாம் வெள்ளைக்காரர் நிறம். அதில் கறுப்பைக் கலந்தால் முகம் சாம்பல் பூசியது போல் ஆகிறது. (பிரிக்பீல்ட்ஸ் சகோதரி)

இதைக் கேட்டதற்கு நன்றி அக்கா. நம்மவர் முகத்தை வெள்ளைக்காரர் முகத்தை இருட்டாக்கிச் செய்ய முடியாது. கறுப்பு கலந்தால் தோலிலுள்ள சிவப்பும் மஞ்சளும் செத்துவிடும். அடர் பழுப்போடு கொஞ்சம் செங்காவி கலந்து அடித்தளம் போடுங்கள். பள்ளங்களுக்கு அதே பழுப்பில் துளி கருநீலம். மேடுகளுக்கு, அதாவது நெற்றி, மூக்குத் தண்டு, கன்ன எலும்புக்கு, காவி மஞ்சளும் துளி ஆரஞ்சும். வெள்ளை வேண்டாம், சுண்ணாம்பு பூசியது போலாகும். கருந்தோலில் ஒளி பளிச்சென்று விழும் என்பதால் கடைசி மேடு சிறியதாகவும் கூர்மையாகவும் இருக்கட்டும். கீழுதட்டில் மட்டும் லேசான ரோஜா. பால் போல் நீர்த்த வண்ணத்தில் ஐந்தாறு பூச்சு வேண்டும், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. ஒரு முகத்துக்கு எனக்கு இரண்டு மாலைப் பொழுது ஆகும். கண்ணில் தூய வெள்ளை வைத்தால் மிரண்டவர் போலிருப்பார், பழுப்பு கலந்த வெள்ளை வையுங்கள்.

ராஜேந்திர சோழனின் கடாரப் படைவீரனைச் செய்ய ஆசை. உடைக்கு ஆதாரம் எது? (சுங்கை பட்டாணி)

நீங்கள் கடாரத்து மண்ணிலேயே, அதாவது கெடாவிலேயே இருக்கிறீர்கள்! படையெடுப்பு 1025இல். தஞ்சைப் பெரிய கோவிலின் சோழர் காலச் சுவரோவியங்கள் அதற்கு முந்தைய தலைமுறை, ராஜராஜன் காலத்தவை. முதலில் அவற்றைப் பாருங்கள். தாராசுரம் சிற்பங்கள் 12ஆம் நூற்றாண்டு, ஆகவே நூறாண்டுக்கு மேல் தள்ளியவை, துணைக்கு வைத்துக்கொள்ளலாம். சினிமாவில் வரும் மார்புக் கவசத்தை ஒட்டாதீர்கள். திறந்த மார்பு, இறுக்கிக் கட்டிய அரையாடை, கொண்டை, வெறுங்கால் என்று தொடங்குங்கள். ஆடை மடிப்புகளை இரண்டு பகுதி எபாக்சி மாவால் (இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் மெல்ல இறுகும்) செய்யலாம். கலந்தவுடன் ஒட்டும், அரைமணி விட்டு, நனைத்த ஊசியால் மடிப்பு இழுங்கள்.

ரெசின் (வார்ப்புப் பிசின்) பொம்மையைத் தேய்க்க முகக்கவசம் தேவையா?

கட்டாயம். நனைத்துத் தேய்த்தால் தூசும் பறக்காது. பழைய உலோகப் பொம்மைகளில் ஈயம் இருக்கலாம், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

என் பாட்டி ஜான்சி ராணி படையில் இருந்தார். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான் உள்ளது. காக்கியை எப்படிப் பிடிப்பது? (ஆயர் ஈத்தாம்)

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவாக 1943இல் சிங்கப்பூரில் தொடங்கிய அந்தப் படையில் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தார்கள். காக்கிக்கு ஒரே நிறம் கிடையாது. வெயிலும் துவைப்பும் வெளுக்க வைக்கும். தோளும் முழங்காலும் வெளிறியிருக்கட்டும், மடிப்புகளில் பச்சை கலந்த பழுப்பு. பொம்மை சிறியது என்பதால் உண்மைத் துணியைவிட ஒரு படி வெளிறிய நிறமே கண்ணுக்குச் சரியாகத் தெரியும். பாட்டியின் படத்தை ஒரு பிரதி எடுத்து மேசையில் வையுங்கள். தொப்பியின் சாய்வு, பெல்ட் கட்டிய உயரம், அவர் நின்ற விதம், இவற்றை அதிலிருந்தே எடுங்கள். முகத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள், உடனிருந்து சொல்கிறேன்.