நாலு அணிக்கு இடமுண்டு, நாலாயிரம் பேருக்குப் பாய் உண்டா?

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹொக்கியின் இறுதிச் சுற்றைப் போன்ற பெரிய போட்டியை ஒரு சின்ன நகரத்தால் நடத்த முடியுமா? மட்டக்களப்பு மாதிரி ஓர் ஊரால் முடியுமா?

முடியும். மட்டக்களப்போடு ஒப்பிட்டால் ஒரு மூலைக்குக்கூடக் காணாத ஊர் ஒன்று அதை மூன்று தடவை நடத்தியிருக்கிறது. நியூயோர்க் மாநிலத்து மலைகளுக்குள் இருக்கும் லேக் பிளாசிட்டில் நிரந்தரமாக வாழ்பவர்கள் மூவாயிரம் பேர்கூட இல்லை. 1970, 1984, 1988 ஆகிய ஆண்டுகளில் கல்லூரி ஆண்கள் இறுதிச் சுற்று அங்கேதான் நடந்தது. 1984 இறுதியாட்டம் நாலு மேலதிக நேரம்வரை இழுபட்டு, போலிங் கிரீன் 5-4 என்று மினசோட்டா டுலூத்தை வென்றது. அந்த ஊருக்கு இது எப்படிக் கைகூடியது என்றால், 1932இல் குளிர்கால ஒலிம்பிக் அங்கே நடந்திருந்தது, 1980இல் மறுபடியும் நடந்தது. பனித்தளமும் இருந்தது, சுற்றுலாப் பயணிகளுக்கான விடுதிகளும் இருந்தன.

இதற்கும் முந்திய கதைதான் எனக்குப் பிடித்தது. இந்தப் போட்டி 1948இல் கொலராடோ ஸ்பிரிங்ஸில் தொடங்கி, 1957 வரை பத்து வருடம் அங்கேயே நடந்தது. பனித்தளம் புரோட்மூர் என்ற ஹோட்டலுக்குச் சொந்தம். படுக்கையும் மைதானமும் ஒரே முதலாளியிடம்! போட்டி ஒழுங்குபடுத்தியவர்களுக்கு இதைவிட வேறென்ன வேணும்?

சனம் பெருகினால்தான் சின்ன ஊர் திணறும். 1980 ஒலிம்பிக்கில் லேக் பிளாசிட்டில் பஸ் போதாமல் பார்வையாளர்கள் குளிரில் காத்துக்கிடந்தார்கள். 2010இல் கல்லூரி இறுதியாட்டத்தை டெட்ராயிட்டின் பெரிய அமெரிக்கன் ஃபுட்போல் அரங்குக்குள் வைத்தபோது 37,592 பேர் வந்தார்கள். அந்தக் கூட்டத்தை லேக் பிளாசிட்டுக்கு அனுப்பினால் நிற்கவே இடமிராது. ஆண்கள் இறுதிச் சுற்று 1988க்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, நம்மட ஊருக்கு வருவோம். இங்கே ஐஸ் என்றால் மீன் பெட்டிக்குள் போடுவதுதான், ஆகவே புல்லில் ஆடும் ஹொக்கியையே பேசுகிறேன்.

அங்கே கணக்கு வேறு, இங்கே வேறு. அவர்களுக்கு வருவது நாலே அணி, மூன்றே ஆட்டம். சுமை முழுக்கப் பார்வையாளர்களால். நம்முடைய பாடசாலைப் போட்டியில் பார்வையாளர் உள்ளூர்க்காரர், ஆட்டம் முடிந்ததும் சைக்கிளில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். சுமை தருவது அணிகள். 20 பாடசாலை, அணிக்கு 18 பேர் என்றால் 360 பிள்ளைகள். அவர்களோடு பொறுப்பாசிரியர்கள், நடுவர்கள். இத்தனை பேரும் மூன்று நாலு இரவு எங்கேயாவது படுக்க வேணும்.

இதை நான் அனுபவித்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு பாடசாலையில் கரப்பந்தாட்டப் போட்டிக்குத் தொண்டராக நின்றேன். மைதானத்துக்குக் கோடு போடுவதிலும் பந்தல் கட்டுவதிலும் எங்கள் கவனமெல்லாம் போய்விட்டது. வகுப்பறைகளில் மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம், இரவுக்குப் பிட்டும் மீன் குழம்பும். எல்லாம் நல்லபடி போனது, இரண்டாம் நாள் விடிய நாலரை மணிவரை. தாங்கியில் தண்ணீர் இல்லை. மலசலகூடத்துக்கு முன்னால் வரிசை படிக்கட்டுவரை வந்துவிட்டது. பவுசர் வந்து சேர்ந்தபோது ஏழு மணி தாண்டிவிட்டது. முதல் ஆட்டம் ஏழு மணிக்கு. சமையல் பொறுப்பிலிருந்த ஆசிரியர் கிடாரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி சொன்னார்: "தம்பி, வலைக் கம்பம் ரெண்டு காணும். கக்கூசு இருபது வேணும்."

'மாமாங்கத் திருவிழாவுக்கு எவ்வளவு சனம் வருகிறது, அதைச் சமாளிக்கிறோமே' என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று ஊரே நிரம்பும். தண்ணீர்ப்பந்தலும் அன்னதானமும் யாரும் சொல்லாமலே நடக்கும். ஆனால் தீர்த்தமாடிய சனம் அன்றே போய்விடும், அல்லது சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில் படுக்கும். மாத்தளையிலிருந்து வரும் ஹொக்கிப் பிள்ளைக்கு இங்கே மாமி வீடு கிடையாதே!

மாத்தளையைச் சும்மா இழுக்கவில்லை. இலங்கை ஹொக்கியின் தொட்டில் என்று சொல்லப்படுவது கொழும்பு அல்ல, அந்தச் சின்ன மலைநாட்டு நகரம்தான். நமக்கு அந்த இடத்தில் இருப்பது கூடைப்பந்து. அமெரிக்க இயேசு சபைக் குருமார் புனித மிக்கேல் கல்லூரியில் வளர்த்துவிட்டது அது. அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரில்தான் நகர மைதானமே இருக்கிறது. அதனால் கூடைப்பந்து என்றால் பிழையான விசிலுக்குச் சனமே கூச்சல் போட்டு நடுவரைத் திருத்தும். ஹொக்கிக்கு நடுவரையும் வெளியிலிருந்து கூட்டிவர வேணும், அதுவும் ஒரு படுக்கைக் கணக்குத்தான்.

தரையும் சிக்கல். சர்வதேச ஹொக்கி செயற்கைத் தரைக்கு மாறி எத்தனையோ காலம். ஒலிம்பிக்கில் 1976 மொன்றியாலிலேயே மாறிவிட்டது. அதனால் பெரிய சர்வதேசப் போட்டியை இப்போதைக்கு மறந்துவிடலாம். பாடசாலை மட்டம் என்றால் புல் தரை போதும், ஆனால் 91.4 மீற்றர் நீளம், 55 மீற்றர் அகலத்துக்குப் பந்து துள்ளாமல் சமமாக இருக்க வேணும். நம்முடைய மணல் தரையில் அது லேசுப்பட்ட வேலையல்ல.

காலத்தைப் பார்த்தால், நவம்பர் முதல் ஜனவரி வரை மாரி மழை, தொடவே கூடாது. ஓகஸ்ட் விடுமுறையில் வகுப்பறைகள் காலியாக இருக்கும், ஆனால் கச்சான் காற்று முகத்தைச் சுடும், கிணறும் அடியில் நிற்கும். விடியவும் பின்னேரமும்தான் ஆடலாம். கொழும்பு அணிகள் இரவு ரயிலில் ஏறினால் விடிய வந்து இறங்கும், ஒரு இரவுப் படுக்கை மிச்சம். பாசிக்குடா ஹோட்டல்களை யாராவது ஞாபகப்படுத்துவார்கள். அங்கே ஒரு அறையின் வாடகைக்கு இங்கே ஒரு அணிக்கே சாப்பாடு போடலாம்.

என்னிடம் பொறுப்பைத் தந்தால் எட்டு அணி, மூன்று நாள், தீர்த்தத் திருவிழா இல்லாத ஒரு கிழமை. இருபது அணிதான் வேணும் என்று நின்றால், மைதானத்துக்குப் போக முன்னம் பவுசர்காரரின் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.