கடற்கரை விடுதியில் கல்யாணம்: விருந்தினருக்கு எதை எழுதி அனுப்புவது?

கேள்வி: எங்கள் மகளின் திருமணம் தை மாதத்தில், மாமல்லபுரத்துக்கு அருகே கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஒரு விடுதியில் நடக்க இருக்கிறது. தென் மாவட்டங்களிலிருந்து உறவினர்களும் வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளையின் நண்பர்களுமாக 150 பேர் இரண்டு இரவுகள் தங்குவார்கள். அழைப்பிதழுடன் ஒரு தகவல் தாளும் அனுப்ப விரும்புகிறோம். அதில் என்னென்ன இருக்க வேண்டும்? (திருச்சி வாசகர்)

பதில்: தாளை எழுதுவதற்கு முன்னால் விடுதிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். விருந்தினருக்கு நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் உங்கள் வாக்காகவே எடுத்துக்கொள்ளப்படும். அதை நிறைவேற்ற வேண்டியதோ விடுதி. எனவே விடுதியின் விற்பனைப் பிரிவினர் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட எதையும், எழுத்தில் வரும்வரை தகவல் தாளில் சேர்க்காதீர்கள்.

முதலில் கேட்க வேண்டியது அறை நேரம். பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் 2 மணிக்குத்தான் அறை கிடைக்கும். மறுநாள் காலை 11 அல்லது 12 மணிக்குக் காலி செய்ய வேண்டும். இரவு ரயிலேறி விடியற்காலையில் வந்து இறங்கும் பெரியவர்கள் அதுவரை எங்கே குளிப்பார்கள், எங்கே படுப்பார்கள்? அதேபோல், முகூர்த்தம் 9 முதல் 10.30 என்றால், தாலி கட்டி முடித்துப் பந்தி தொடங்கும் நேரமும் அறையைக் காலி செய்யும் நேரமும் ஒன்றாகிவிடும். சாப்பாட்டுக் கூடத்திலிருந்து பெட்டியெடுக்க ஓடுவதைத் தவிர்க்க, முதல் நாள் காலையில் சில அறைகளை முன்கூட்டியே திறந்து தருவதையும், கடைசி நாள் மாலை 3 மணிவரை அறையை வைத்துக்கொள்வதையும் ஒப்பந்தத்திலேயே கேட்டு வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டால், விடுதிகள் பெரும்பாலும் இணங்கி வரும்.

அடுத்தது, ஓர் அறையில் எத்தனை பேர் என்பது. மூன்றாவது நபருக்குக் கூடுதல் படுக்கைக் கட்டணம் உண்டா, எத்தனை வயதுவரை குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, படியேற முடியாதவர்களுக்குத் தரைத்தள அறைகள் எத்தனை என்ற மூன்றையும் கேட்டு எழுதுங்கள். விடுதி தன் விளம்பரத்தில் மாமல்லபுரம் என்று போட்டிருந்தாலும், இடம் கோவளத்திலோ நெம்மேலியிலோ பட்டிபுலத்திலோ இருக்கலாம். ஆகவே ஊரின் பெயரையும் வரைபட இணைப்பையும் சேர்த்தே தாருங்கள். மாமல்லபுரத்தில் ரயில் நிலையம் இல்லை. செங்கல்பட்டில் நிற்கும் ரயிலில் வருவோர் அங்கேயே இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறத்தாழ 30 கி.மீ. பயணம் செய்வது, எழும்பூர்வரை போய்த் திரும்புவதைவிட எளிது. சென்னை விமான நிலையத்திலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ.; வார இறுதி என்றால் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருவோரின் ஓட்டுநர்கள் எங்கே தங்குவார்கள், எங்கே சாப்பிடுவார்கள் என்பதைப் பல வீடுகளில் கல்யாணத்தன்று இரவில்தான் யோசிக்கிறார்கள். அதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அறைக்கு ஓர் ஆதார் அட்டை போதும் என்று எண்ணிப் பலர் வருவார்கள். தங்கும் வயதுவந்தோர் ஒவ்வொருவரும் அடையாளச் சான்று கொண்டுவர வேண்டும் என்றும், வெளிநாட்டினர் கடவுச்சீட்டையும் விசாவையும் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்றும் குறிப்பிடுங்கள்.

கேள்வி: அறை வாடகை எங்களுடையது, மற்றச் செலவுகள் விருந்தினருடையவை. இதை மரியாதைக் குறைவில்லாமல் எப்படிச் சொல்வது? வரி, சேவைக் கட்டணம் எல்லாம் எவ்வளவு வரும்? (அதே வாசகர்)

பதில்: வெளிப்படையாகச் சொல்வதுதான் மரியாதை. "இரண்டு இரவு அறை வாடகையும் திருமண விருந்துகளும் எங்கள் பொறுப்பு, அறைக்கு வரவழைக்கும் உணவு, சலவை, குளிர்பெட்டியில் உள்ள பானங்கள், கூடுதல் நாள் தங்கல் ஆகியவை தங்கள் கணக்கில் வரும்" என்ற ஒரே வாக்கியம் போதும். இதே வாக்கியத்தை விடுதிக்கும் அனுப்பி, விருந்தினரின் தனிச் செலவை அவரவரிடமே பெற வேண்டும், உங்கள் கணக்கில் ஏற்றக் கூடாது என்று உறுதி வாங்குங்கள். இல்லாவிட்டால் எல்லாம் சேர்ந்து கடைசி நாள் உங்கள் கைக்குத்தான் வரும்.

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். ரூ.7,500 அறைக்கு வரியுடன் ரூ.7,875 ஆகும், ரூ.8,000 அறைக்கு ரூ.9,440 ஆகும். வாடகையில் 500 ரூபாய் வேறுபாடு, கையிலிருந்து போவதோ 1,565 ரூபாய். அறுபது அறைகள், இரண்டு இரவுகள் என்று பெருக்கிப் பார்த்தால், பேரம் பேச வேண்டிய இடம் எதுவென்று தெரியும்.

சேவைக் கட்டணம் வரியன்று. ஓட்டல்களும் உணவகங்களும் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அவற்றை உறுதிசெய்தது. விரும்பினால் கொடுக்கலாம், வேண்டாமென்றால் நீக்கச் சொல்லலாம்.

கேள்வி: வீட்டில் செய்த சீர் பட்சணங்களை விடுதிக்குள் கொண்டுபோகலாமா? அதிகாலை முகூர்த்தத்துக்குப் புல்வெளியில் நாதஸ்வரம் வைக்கலாமா? (கும்பகோணம் வாசகர்)

பதில்: வெளி உணவுக்குத் தடை விதிக்கும் விடுதிகளே மிகுதி. சீர் பட்சணம், தாம்பூலப் பை, ஹோமத்துக்கான அக்கினி மூன்றுக்கும் பெயர் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். புகை உணர்த்தும் கருவி உள்ள கூடத்தில் ஹோமம் வளர்க்க அவர்கள் முன்னேற்பாடு செய்ய வேண்டியிருக்கும். இரவு 10 முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியும் இசைக்கருவியும் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி. மூடிய விருந்துக் கூடங்களுக்கு விலக்கு உண்டு. ஆகவே காலை 6 மணிக்கு முன் சடங்கு தொடங்கினால், மேளத்தை உள்ளே வையுங்கள்.

கேள்வி: கார்த்திகையில் வைத்தால் வாடகை குறைவு என்கிறார்கள். மழைக்குப் பயப்பட வேண்டுமா? (சென்னை வாசகர்)

பதில்: பயப்பட வேண்டும். குறைந்த வாடகைக்குக் காரணமே அந்த மழைதான். 2022 டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது மாமல்லபுரத்துக்கு அருகில்தான். கார்த்திகையே வேண்டும் என்றால், புல்வெளிக்குப் பதிலாகத் தரப்படும் கூடத்தின் பெயர், அதில் எத்தனை பேர் அமரலாம் என்ற எண்ணிக்கை, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்பது, புயல் எச்சரிக்கையால் தேதி மாறினால் முன்பணம் என்னவாகும் என்பது ஆகியவை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். "மாற்று ஏற்பாடு செய்யப்படும்" என்ற சொற்றொடருக்கு மழை நாளில் எந்தப் பொருளும் கிடையாது.

எந்த மாதமானாலும் விருந்தினருக்கு ஓர் எச்சரிக்கை: இந்தக் கரையில் கடலுக்குள் இறங்குவது ஆபத்தானது. இழுப்பு வலுவானது, நீச்சல் தெரிந்தவர்களையும் கொண்டுபோகும். குழந்தைகளுடன் வருவோரும் இரவு விருந்துக்குப் பின் அலையில் கால் நனைக்கப் போகும் இளைஞர்களும் படிக்கும்படி, தாளின் மேற்பகுதியிலேயே அதை எழுதுங்கள்.

கேள்வி: நண்பரின் திருமணத்துக்காக விடுதி அனுப்பிய இணைப்பில் நானே பணம் கட்டி அறை பதிவு செய்தேன். உடல்நலக் குறைவால் போக இயலவில்லை. "குழுச் சலுகை விலை, பணம் திரும்பாது" என்கிறது விடுதி. அழைக்கப்பட்ட விருந்தாளிக்கு உரிமை ஏதும் உண்டா? (கோவை வாசகர்)

பதில்: உண்டு. பணம் கட்டியவர் என்ற முறையில் நீங்களே நேரடி நுகர்வோர். அதற்கும் மேலாக, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பணம் செலுத்தியவரின் ஒப்புதலோடு சேவையைப் பெறுபவரும் நுகர்வோரே. ஆகவே பெண் வீட்டார் பணம் கட்டிய விருந்தில் உணவு கெட்டு உடல்நலம் பாதிக்கப்பட்டால், சாப்பிட்ட விருந்தாளியே வழக்குத் தொடரலாம்.

ஆனால் உங்கள் விஷயத்தில் முடிவு ஒரே கேள்வியைப் பொறுத்தது: பணம் திரும்பாது என்ற நிபந்தனை பணம் கட்டுவதற்கு முன் தெளிவாகக் காட்டப்பட்டதா? காட்டப்பட்டிருந்தால் முழுத் தொகையை எதிர்பார்ப்பது கடினம்; பதிவை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரவோ, வேறு தேதிக்குப் பயன்படுத்த அனுமதிக்கவோ மருத்துவச் சான்றுடன் கேளுங்கள். அறைகளை மொத்தமாகப் பதிவு செய்த மணமக்கள் வீட்டார் வழியாகக் கேட்டால் விடுதி எளிதில் இறங்கி வரும். நிபந்தனை மறைக்கப்பட்டிருந்தாலோ, உங்கள் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு உங்கள் பணத்தையும் வைத்துக்கொண்டிருந்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். நீங்கள் வசிக்கும் கோவையிலேயே மனுச் செய்யலாம். செலுத்திய தொகை ரூ.5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. காலக்கெடு இரண்டு ஆண்டுகள். பதிவு செய்த பக்கத்தின் படம், பணம் செலுத்திய ரசீது, விடுதியின் மறுப்பு மின்னஞ்சல் மூன்றையும் இப்போதே சேமித்துவையுங்கள். திருமணம் முடிந்ததும் அந்தப் பதிவு இணைப்பு மூடப்பட்டுவிடக் கூடும்.