வீட்டிலேயே இருந்துகொண்டு ‘வீட்டுக்குப் போகணும்’ என்கிறார்

கேள்வி: என் வயது 66, கணவருக்கு 73. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன் அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொன்னார். இப்போது தினமும் சாயங்காலம் ஆனால் "வீட்டுக்குப் போகணும்" என்று கிளம்புகிறார். இதுதான் நம் வீடு என்று எத்தனை முறை சொன்னாலும் சண்டைதான் வருகிறது. பென்ஷன் பணத்தை நான் எடுத்துவிட்டேன் என்கிறார். குளிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. போன மாதம் சொல்லாமல் பஸ் ஸ்டாண்ட் வரை போய்விட்டார். அதிலிருந்து வெளிக்கதவைப் பூட்டியே வைக்கிறேன். கடைக்குப் போனால்கூட வெளியே பூட்டிவிட்டுத்தான் போகிறேன். தெருவில் யாருக்கும் விஷயம் தெரியாது. மகள் கோவையில் இருக்கிறாள். என் கண்புரை ஆபரேஷனை ஒரு வருடமாகத் தள்ளிப்போடுகிறேன். ராத்திரி தூங்க மருந்துக்கடையில் ஒரு மாத்திரை தந்தார்கள். கொடுக்கலாமா? நான் எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: முதலில் அந்த மாத்திரை. கொடுக்காதீர்கள் அம்மா. அல்சைமர் உள்ளவருக்குத் தூக்க மாத்திரை குழப்பத்தை அதிகமாக்கும். பாதித் தூக்கத்தில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால், அப்புறம் எழுந்து நடப்பதே பெரும்பாடு. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகளும் ஆபத்தானவைதான். ஞாபகத்துக்கு உதவும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் இந்த நோயில் ஏற்கெனவே குறைந்துபோயிருக்கும், அந்த மாத்திரைகள் அதை மேலும் தடுக்கும். ஆவேசத்தை அடக்கும் மனநல மருந்துகளுக்கும் எச்சரிக்கை உண்டு. டிமென்ஷியா (அல்சைமர் போன்ற மறதி நோய்களுக்கான பொதுப் பெயர்) உள்ள முதியவர்களுக்கு அவை உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே அறிவித்தது. சில நேரம் அவை தேவைப்படும்தான். ஆனால் அவரைப் பார்க்கும் டாக்டர் அளவும் நாளும் குறித்துத் தர வேண்டும்.

நீங்கள் எதுவும் தப்பு செய்யவில்லை. ஒன்றை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும், அவரைத் திருத்துவதை விட்டுவிடுங்கள். அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. நீங்கள் சொல்லும் சரியான பதில் போய்த் தங்க வேண்டிய இடம்தான் அவருடைய மூளையில் சேதமாகியிருக்கிறது.

சாயங்காலத்தை எடுத்துக்கொள்வோம். பகலையும் இரவையும் பிரித்துச் சொல்லும் உள் கடிகாரம் இந்த நோயில் பிசகிவிடுகிறது. நாள் முழுக்க எதையாவது புரிந்துகொள்ளப் போராடிய களைப்பு, மங்கும் வெளிச்சம், சுவரில் விழும் நிழல் எல்லாம் சேர்ந்து பயத்தைக் கிளப்பும். இந்த நோய் புதிய ஞாபகங்களைத்தான் முதலில் அழிக்கும். அதனால் அவர் கேட்கும் வீடு பெரும்பாலும் சின்ன வயதில் அம்மா இருந்த வீடாகத்தான் இருக்கும். ‘இங்கே எனக்கு நிம்மதியாக இல்லை’ என்பதைத்தான் அவர் அப்படிச் சொல்கிறார்.

நாலு மணிக்கே டீயும் கொஞ்சம் சுண்டலோ இட்லியோ கொடுத்துவிடுங்கள். கழிவறைக்குக் கூட்டிப் போங்கள், சிறுநீர் முட்டினாலும் மலச்சிக்கல் இருந்தாலும் சொல்லத் தெரியாமல் தவிப்பார். இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போடுங்கள். அதையும் மீறிக் கிளம்பினால், "போகலாமே. அந்த வீட்டில் கிணறு இருந்ததா? யார் யார் இருந்தீங்க?" என்று கேளுங்கள். பேசிக்கொண்டே தெருமுனை வரை கூட நடந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். நம் வாசலைப் பார்த்ததும், வந்து சேர்ந்துவிட்டோம் என்று நிம்மதியாக உட்காருபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பொய் சொல்கிறோமே என்று உறுத்தும். நாற்பது வருடம் ஒளிவுமறைவில்லாமல் வாழ்ந்தவர்களுக்கு அந்த உறுத்தல் இன்னும் அதிகம். ஆனால் அவர் தன் அம்மாவைக் கேட்கும்போது "அவங்க செத்து முப்பது வருஷம் ஆச்சு" என்றால், அவருக்கு அது இப்போதுதான் நடந்த சாவு. நாளைக்கு மறுபடி கேட்பார், மறுபடி துக்கம் வரும். அந்த உண்மையால் யாருக்கும் நன்மையில்லை. "அத்தை வைக்கிற குழம்பு உங்களுக்கு ரொம்பப் பிடிக்குமே" என்று பேச்சை அம்மாவிடமே நிறுத்துங்கள்.

பணம் திருடியதாகச் சொல்வதுதான் உங்களை அதிகம் நோகடித்திருக்கும். வாழ்நாள் முழுக்கக் கணக்கு வைத்தவருக்குப் பணம்தான் கௌரவம். பத்திரமாக இருக்கட்டும் என்று எங்கேயோ வைக்கிறார், வைத்தது மறந்துபோகிறது. அந்த இடைவெளியை மூளை ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. பழி, பக்கத்திலேயே இருக்கும் ஆள்மேல் விழுகிறது, வேறு காரணம் கிடையாது. "நான் ஏன் எடுக்கப்போறேன்" என்று வாதாட வேண்டாம். "காணோமா? வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று எழுந்துவிடுங்கள். அரிசி டின், தலையணை உறை, செருப்பு வைக்கும் இடம், எல்லாவற்றையும் பாருங்கள். குப்பையைக் கொட்டும் முன்பும் ஒரு முறை துழாவுங்கள். பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள் போட்ட ஒரு பர்ஸும், பாஸ்புக்கின் ஜெராக்ஸும் அவர் கையில் இருக்கட்டும். ஒரு நீள நோட்டும் பேனாவும் கொடுத்து பால் கணக்கை எழுதச் சொல்லுங்கள். கூட்டல் தப்பாக இருந்தால் இருக்கட்டும், திருத்தாதீர்கள். கை பழகிய வேலை, ஞாபகம் போன பிறகும் நெடுநாள் நிற்கும்.

குளியலுக்கு அவசரமே வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், மற்ற நாளில் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். தலையில் திடீரென்று தண்ணீர் விழுவதும் குளிரும் கூச்சமும்தான் அவர்களைப் பயமுறுத்துகின்றன. வழுக்காத ஸ்டூலில் உட்கார வைத்து, வெந்நீரின் சூட்டை உங்கள் கையில் பார்த்துவிட்டு, பாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். இடுப்பில் துண்டு இருக்கட்டும். சொம்பை அவர் கையிலேயே கொடுங்கள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்துப் பழகியவராக இருந்தால் "இன்னைக்கு சனிக்கிழமை" என்ற ஒரு வார்த்தையிலேயே எழுந்து வந்துவிடலாம். எண்ணெய் தலைக்கு மட்டும் போதும், உள்ளங்காலில் படக் கூடாது. கழிவறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள். சமையல் முடிந்ததும் கேஸ் ரெகுலேட்டரை மூடுங்கள்.

கதவு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டும். அவரைத் தனியே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். தீப்பிடித்தால் அவரால் வெளியே வர முடியாது. நீங்கள் வீட்டில் இருக்கும்போது, கண் போகாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாளும் கதவு திறந்தால் ஒலிக்கும் ஒரு மணியும் போதும். சட்டைப் பையில் பெயரும் உங்கள் போன் நம்பரும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். அவருடைய புதிய போட்டோ உங்கள் போனில் இருக்கட்டும். காணாமல் போனால் மணிக்கணக்கில் தனியாகத் தேடாதீர்கள், உடனே 112-ஐக் கூப்பிடுங்கள்.

ஆனால் உண்மையான பாதுகாப்பு, நீங்கள் மறைத்து வைத்திருக்கும் அந்த விஷயத்தை வெளியே சொல்வதில் இருக்கிறது. தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட், மளிகைக்கடை, எதிர்வீடு, நாலு இடத்தில் சொல்லுங்கள்: "அவருக்கு மறதி நோய். தனியாக நடந்தால் பேச்சுக்கொடுத்து உட்கார வைத்து எனக்கு ஒரு போன் போடுங்க." இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் சுமார் 7.4 சதவீதம், ஏறத்தாழ 88 லட்சம் பேர், ஏதாவது ஒரு வகை டிமென்ஷியாவோடு இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நீங்கள் சொன்ன பிறகு, அதே தெருவில் இன்னொரு வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி உங்களிடம் வந்து பேசினாலும் ஆச்சரியமில்லை.

எப்போது உடனே டாக்டரிடம் ஓட வேண்டும்? அல்சைமர் மாதக்கணக்கில் மெல்ல மோசமாகும். நேற்று வரை நன்றாக இருந்தவர் ஓரிரு நாளில் சட்டென்று குழம்பினால், மயங்கினால், இல்லாததைப் பார்ப்பதாகச் சொன்னால், அது நோய் முற்றியது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உப்புச்சத்து குறைவது, புது மருந்து, தலையில் பட்ட அடி என்று சரிசெய்யக்கூடிய காரணம் பெரும்பாலும் இருக்கும்.

பணக் காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள். பவர் பத்திரம் எழுதிவைத்தால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். எழுதிக் கொடுத்தவர் புரிந்துகொள்ளும் திறனை இழந்தால் நம் சட்டப்படி அது செல்லாது. அவருக்கு இன்னும் புரிகிறது என்று டாக்டர் சொன்னால், கூட்டுக் கணக்கு, நாமினி இரண்டையும் இந்த மாதமே முடியுங்கள்.

அப்புறம் நீங்கள். மனது தாங்காத இரவில் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567 காலை 8 முதல் இரவு 8 வரை இருக்கிறது. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டிமென்ஷியாவுக்கென்றே சேவை நடத்துகிறது. ஆனால் இதையெல்லாம்விட முதலில் உங்கள் கண். புரை மறைக்கும் கண்ணோடு மாத்திரை அட்டையைப் படித்து அவருக்குக் கொடுப்பது அவருக்கும் ஆபத்து. மகளிடம் "முடிஞ்சப்ப வாம்மா" என்று சொல்லாதீர்கள், முடிகிற நாள் வரவே வராது. ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டு, "அன்னைக்கு முந்தின நாள் வந்துடு, பதினைஞ்சு நாள் இரு, அப்பாவைக் குளிப்பாட்டுறது உன் வேலை" என்று சொல்லுங்கள். அவள் வந்ததும் முதல் இரண்டு நாள் நீங்கள் பக்கத்தில் நின்று, தண்ணீரைப் பாதத்திலிருந்து ஊற்றக் கற்றுக்கொடுங்கள்.