சினிமாவைச் சீரியலாக எடுத்தால் ஓடுமா?

ஓடிய படத்தை டிவி தொடராக எடுத்தால் அதுவும் ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும். ஆனால் படத்திலிருந்து எதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் எங்கள் வீட்டுக் கதை. 2017-இல் விஜய் டிவியில் ‘மௌன ராகம்’ என்று ஒரு சீரியல் ஆரம்பித்தது. மும்பை செம்பூரில் எங்கள் வீட்டில் அம்மா அன்றைக்குச் சமையலைச் சீக்கிரமே முடித்துவிட்டு, மறுநாளைக்கு நறுக்க வேண்டிய கொத்தவரங்காயோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டாள். மணிரத்னம் படம் 1986-இல் வந்தபோது மாட்டுங்கா அரோரா தியேட்டரில் பார்த்தவள். பத்து நிமிடம் போயிற்று, ரேவதியையும் காணோம் கார்த்திக்கையும் காணோம், யாரோ ஒரு சின்னப் பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். “இது எந்த மௌன ராகம்டா?” என்றாள். அது ஒரு வங்காளி சீரியலின் ரீமேக், படத்திலிருந்து வந்தது பெயர் மட்டும்தான். (அப்புறம் 2020-இல் முடியும்வரை ஒரு நாள் விடாமல் பார்த்தாள், அது வேறு விஷயம்.) ராஜா ராணி, சின்னத் தம்பி, ரோஜா எல்லாமே இந்த வகைதான், அதனால் கணக்கில் சேர்க்கவில்லை.

நிஜமாகவே படத்திலிருந்து பிறந்து ஜெயித்தது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்காவின் ‘மாஷ்’. கொரியப் போரில் ஒரு ராணுவ மருத்துவ முகாம். படம் 1970, தொடர் 1972-இலிருந்து 1983 வரை. கொரியப் போர் நடந்தது மூன்றே வருடம், சீரியல் ஓடியது பதினொன்று! கடைசி எபிசோடை 10 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். காரணம் ரொம்பச் சாதாரணம். முகாம் என்று ஒன்று இருந்தால் ஹெலிகாப்டர் வந்துகொண்டே இருக்கும், அதில் அடிபட்டவன் ஒருவன் இருப்பான், கதைக்குப் பஞ்சமே இல்லை.

‘காசாபிளாங்கா’ என்ற பழைய ஹாலிவுட் காதல் படத்தையும் டிவிக்குக் கொண்டுவந்தார்கள், 1955-இல் ஒரு தடவை, 1983-இல் மறுபடியும். இரண்டும் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை. அந்தப் படத்தின் உயிரே கடைசியில் மதுக்கடை நடத்துகிற ஹீரோ காதலியை விமானம் ஏற்றி அனுப்புகிற அந்தக் காட்சிதான். அதற்கு முன்னாலோ பின்னாலோ வாராவாரம் என்னத்தைக் காட்டுவது? வெறும் மதுக்கடைதான் மிச்சம்.

‘ஃபார்கோ’ ஆட்கள் இதில் கெட்டிக்காரர்கள். 1996-இல் வந்த கோயன் சகோதரர்கள் படத்தின் பாத்திரங்கள் ஒருவரையும் 2014-இல் தொடங்கிய தொடரில் கொண்டுவரவில்லை. பனி, கதை நடக்கும் அமெரிக்க ஊர்க்காரர்களின் அதீத மரியாதைப் பேச்சு, அதற்குள் நடக்கும் கோரமான கொலை, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார்கள். படத்தில் ஒருவன் பணப்பெட்டியைச் சாலையோர வேலிப் பக்கம் பனியில் புதைத்துவிட்டுச் செத்துப்போவான் இல்லையா, முதல் சீசனில் வேறொருவன் அந்தப் பெட்டியைத் தோண்டி எடுக்கிறான். லோக்கல் டிரெயினில் நின்றுகொண்டு போனில் பார்த்தபோது “அடப்பாவி!” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், பக்கத்திலிருந்த மராத்திக்காரர் திரும்பிப் பார்த்தார்.

சரி, தமிழில் என்ன எடுக்கலாம்? நான் என்றால் ‘நாயகன்’ என்பேன். இவ்வளவுக்கும் படத்தில் வந்த தாராவி, சென்னையில் தோட்டா தரணி போட்ட செட். நிஜத் தாராவியில் திருநெல்வேலியிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள், இட்லி வியாபாரிகள், தமிழில் தொடங்கி இந்தியில் முடிக்கும் பிள்ளைகள் என்று பத்து சீசனுக்கு ஆள் இருக்கிறது. வேலு நாயக்கர் வரவே தேவையில்லை. போன ஞாயிறு அம்மாவிடம் இதை ஒரு அரை மணி நேரம் விளக்கினேன், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “கமல் இல்லாமலா? அப்போ நான் பார்க்க மாட்டேன்பா” என்றாள்.