ரோட்டுக்கு 9 வயசாச்சு, பள்ளம் இல்ல, விரிசல் இருக்கு: புது ரோடு இப்பவே கேக்கலாமா?

கேள்வி: மடிப்பாக்கம் பக்கம் ஒரு உட்தெரு, 62 வீடு. தார் ரோடு போட்டு 9 வருஷம் ஆச்சு. பெருசா பள்ளம் இல்ல, ஆனா எங்க பார்த்தாலும் விரிசல், தார் வெளுத்து ஜல்லி தெரியுது. சங்கத்துல பாதிப் பேர் இப்பவே மனு குடுக்கணும்ங்கிறாங்க. மீதிப் பேர், நல்லா இருக்கிற ரோட்டை ஏன் கிளறணும், ஏற்கெனவே வாசப்படி ரோட்டுக்கு ஒரு சாண்தான் மேல இருக்குங்கிறாங்க. நடுவுல ஒருத்தர் வந்து, வீட்டுக்கு 1,000 ரூபா குடுத்தா புது ரோடு போடுற லிஸ்ட்லயே சேர்த்து விடுறேன்ங்கிறார். நான் சங்கச் செயலாளர், என்ன முடிவு எடுக்கிறதுன்னு தெரியல.

பதில்: மேடம், கடைசியில கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிர்றேன். அந்த ஆளுக்கு ஒரு பைசா குடுக்காதீங்க. எந்தெந்தத் தெருவுக்கு ரோடுன்னு வார்டு உதவிப் பொறியாளர் எஸ்டிமேட் போடுவார், கவுன்சிலர் தன் பங்குக்கு ரெண்டு தெரு சொல்வார், மண்டல ஆபீஸ் வழியா மேல போகும், இதுல வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ற கட்டமே கிடையாது. லிஸ்ட் ரெடியாகி உங்க தெரு அதுல இருக்குன்னு எங்கேயோ காதுல விழுந்த அப்புறம்தான் இந்த மாதிரி ஆளுங்க உங்க வாசலுக்கே வருவாங்க. ரோடு வந்தா 'நான்தான் பண்ணேன்', வரலைன்னா 'அடுத்த லிஸ்ட்ல நிச்சயம்', 62 வீட்டுக்கு 62,000 ரூபா, கணக்கு போட்டுப் பாருங்க. இதே ஆளு ரோடு போடுற அன்னிக்கு மறுபடி வந்து 'மீந்த கலவை இருக்கு, உங்க கார் நிறுத்துற இடத்துக்கு சீப்பா போட்டுத் தர்றேன்'பார், அதுவும் வேண்டாம். அது உங்க ரோட்டுல விழ வேண்டிய கலவை.

சரி, ரோட்டுக்கு வருவோம். வயசை விட்ருங்க, 9 வருஷம்ங்கிறது மனுவுல முதல் வரியில எழுத உதவும், அவ்வளவுதான். 15 வருஷம் தாங்கின தெருவும் பார்த்திருக்கேன், மூணாவது மழைக்கே கரைஞ்சு போன தெருவும் பார்த்திருக்கேன். தார்ங்கிறது ஜல்லியைப் பிடிச்சு வச்சிருக்கிற பசை. நம்ம ஊர் கத்திரி வெயில்ல ரோட்டு மேல்பரப்பு 60 டிகிரியைத் தாண்டிரும், வெயிலும் காத்தும் வருஷக்கணக்கா பட்டுப் பட்டு அந்தப் பசை இறுகி, பழைய ரப்பர் பேண்ட் மாதிரி ஆயிரும், இழுத்தா வளையாம பட்டுனு அறுந்துரும். நீங்க பார்க்கிற வெளுப்பும் விரிசலும் அதான். அது மட்டும்னா நான் பயப்பட மாட்டேன், பயம் தண்ணிக்கு.

உங்க தெருவுல மேல இருக்கிற தார் ஒரு மூணு நாலு சென்டிமீட்டர்தான் இருக்கும், அதுக்குக் கீழ இறுக்கின ஜல்லி, அதுக்கும் கீழ கிராவல், மண்ணு. பாரத்தைத் தாங்கிறது அந்த ஜல்லி, மேல இருக்கிற தார் பாதி வேலை குடை வேலைதான். குடை கிழிஞ்சு தண்ணி உள்ள போச்சுன்னா, அதுவும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்துல, அடியில களி இருக்கிற இடங்கள்ல, ஜல்லி அப்படியே சேத்துல அமுங்க ஆரம்பிச்சிரும். அதுக்கப்புறம் மேல எத்தனை தடவை தார் போட்டாலும் நிக்காது, முழுசா தோண்டிப் போடணும், செலவு பல மடங்கு. அதனால கேள்வி ரோடு எத்தனை வயசுங்கிறது இல்ல, தண்ணி உள்ள போயிருச்சா இல்லையாங்கிறதுதான்.

இதைக் கண்டுபிடிக்க மெஷின் எல்லாம் வேண்டாம், ஒரு மழை போதும். நல்ல மழை பெய்ஞ்சு நின்னப்புறம் ஒரு மணி நேரம் கழிச்சு வெளிய வாங்க. ரோடு காஞ்சிருக்கும், விரிசல் மட்டும் கறுப்புக் கோடா ஈரமா தெரியும், தண்ணி அதுக்குள்ள நிக்குதுன்னு அர்த்தம். அப்புறம் லாரி டயர் வழக்கமா போற தடத்தைப் பாருங்க. விரிசல் நீளமா ஒத்தைக் கோடா போகுதா, இல்ல ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கிட்டு முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா இருக்கா? கட்டம் கட்டமா இருந்தா காலால ஒரு மிதி மிதிங்க. விரிசல் வழியா சேறோ வெள்ளையா மாவு மாதிரி பொடியோ கசிஞ்சா அடி போயிருச்சு. ஒத்தைக் கோடா இருந்து, மிதிச்சா கெட்டியா இருந்தா இன்னும் காலம் இருக்கு, விரிசலை அடைச்சாலே போதும். கடைசியா ரெண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்னு ரோட்டுக்குக் குறுக்கால நூல் பிடிங்க, ரோடு நடுவுல மேடா ரெண்டு ஓரமும் சரிவா இருக்கணும், டயர் தடத்துல ரெண்டு விரல் நுழையிற அளவு குழி தெரிஞ்சா அதுவும் அடி அமுங்கினதோட அடையாளம்.

நீங்க எழுதினதை வச்சுப் பார்த்தா உங்க தெரு நடுக்கட்டத்துல இருக்கு, விரிசல் பரவிருச்சு, அடி இன்னும் போகல. மேல்பரப்பை மட்டும் மாத்த சரியான நேரம் இதுதான். 'பள்ளம் விழட்டும் பார்க்கலாம்'ங்கிற உங்க பாதி சங்கம் சொல்றது தப்பு, பள்ளம் விழுந்தப்போ நேரம் போயிருக்கும். நம்ம சிஸ்டமும் அப்படித்தான் பார்க்குது, அதுதான் எனக்கு எரிச்சல். அஞ்சாவது வருஷத்துல ரெண்டு டின் தார் வச்சு விரிசலை அடைக்க காசு கேட்டா அதுக்கு பட்ஜெட்ல தலைப்பே இல்லைம்பாங்க, பத்தாவது வருஷத்துல முழுசா போட காசு இருக்கும். போட்டோல பள்ளம் தெரியணும், விரிசல் போட்டோல எடுபடாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். உங்க தெருவுல தினமும் எத்தனை தண்ணி லாரி வருதுன்னு ஒரு வாரம் எண்ணுங்க. 12,000 லிட்டர் லாரின்னா தண்ணி மட்டுமே 12 டன். ஒரு அச்சோட எடை ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு ஆகிற சேதம் சுமார் 16 மடங்குன்னு 1950-கள் கடைசியில அமெரிக்காவுல இல்லினாய்ஸ்ல ரோடு போட்டு லாரி ஓட்டிப் பார்த்த சோதனையிலயே வந்தது. உங்க ஸ்கூட்டரும் காரும் ரோட்டை ஒண்ணும் பண்றதில்ல. லாரி அதிகம்னா முன்னாடியே போடணும், மனுவுல அந்த எண்ணிக்கையை எழுதுங்க.

இப்போ ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நான் கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வேன், ஏன்னா பாதித் தெரு வீணாப் போறது இதுலதான். பாதாளச் சாக்கடையோ குடிநீர்க் குழாயோ உங்க தெருவுல பாக்கி இருந்தா, ரோடு எவ்வளவு மோசமா இருந்தாலும் புதுசு கேக்காதீங்க. 2011-ல சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டர்ல இருந்து 426-ஆ பெருசானப்போ சேர்ந்த உங்க பக்கத்துப் பகுதிகள்ல இந்த வேலை வருஷக்கணக்கா துண்டு துண்டா நடக்குது. 'மெயின் லைன் முடிஞ்சிருச்சு'ன்னு சொல்வாங்க, நம்பி உக்காந்துராதீங்க. மெயின் லைன் முடிஞ்சா பாதி வேலைதான், அதுக்கப்புறம் 62 வீட்டுக்கும் தனித்தனி இணைப்பு, ஒவ்வொண்ணுக்கும் ரோட்டைக் குறுக்கால வெட்டணும். எனக்குத் தெரிஞ்ச ஒரு தெருவுல புது ரோடு போட்டு 40-வது நாள் முதல் வெட்டு விழுந்துச்சு, அந்த வருஷம் முடியறதுக்குள்ள 19 வெட்டு, ரோடு கட்டம் போட்ட சட்டை மாதிரி ஆச்சு. கேட்டா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸைக் கை காட்டும், ரெண்டும் ஒரே அரசாங்கம்தான்.

அதனால மெட்ரோ வாட்டர் ஏரியா ஆபீஸுக்குப் போய் எங்க தெருவுல எத்தனை இணைப்பு பாக்கின்னு எழுத்துல கேளுங்க. குடுக்கலைன்னா 10 ரூபா கட்டணத்துல ஆர்டிஐ போடுங்க, 30 நாள்ல பதில் வரணும். காலி மனை இருந்தா அதையும் எண்ணுங்க, அங்க நாளைக்கு வீடு கட்டும்போது திரும்ப வெட்டுவாங்க, இப்பவே மனை எல்லை வரைக்கும் குழாயை இழுத்து மூடி வச்சுட்டா அந்த வெட்டு மிச்சம். வெட்டி மூடின பள்ளத்து மண்ணு உடனே இறுகாது, ஒரு மழைக்காலம் அது மேல போகணும், அதுக்கப்புறம் அமுங்கின இடத்தை நிரப்பிட்டு ரோடு போட்டாத்தான் நிக்கும். அதுவரைக்கும் பேட்ச் ஒர்க், விரிசல் அடைப்பு, அவ்வளவுதான். நாலு கேபிள் கம்பெனிக்காரன் வேற வருவான், அவனையும் முன்னாடியே வரச் சொல்லுங்க, நடக்காது, ஆனா சொல்லி வைங்க.

குழாய் பாக்கி எதுவும் இல்லைன்னா மனு குடுங்க, மாநகராட்சி புகார் எண் 1913-லயும் பதிவு பண்ணி அந்தப் புகார் நம்பரை வச்சுக்கங்க. மனுவுல ஒரு வரி தடிச்ச எழுத்துல இருக்கணும், மில்லிங் பண்ணித்தான் போடணும்னு. மில்லிங்னா பழைய தாரை மெஷின் வச்சு சுரண்டி எடுக்கிறது. உங்க வாசப்படிப் பிரச்னைக்கு விடை அதுல இருக்கு. பழைய ரோட்டு மேல 4 சென்டிமீட்டர் போட்டா ரோடு 4 சென்டிமீட்டர் ஏறும், அஞ்சு தடவை போட்டா 20, அப்படி ஏறி ஏறித்தான் சென்னையில ஜாக்கி வச்சு வீட்டையே தூக்குறதுன்னு ஒரு தொழிலே வந்துச்சு. 2021-லயே அப்போ தலைமைச் செயலாளரா இருந்த இறையன்பு, பழசைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணும்னு உத்தரவு அனுப்பினார். உத்தரவு இருக்கு, ஆனா பாருங்க, உட்தெருவுல மில்லிங் மெஷின் வராம ஜேசிபி பக்கெட்டை வச்சு ரெண்டு பக்கமும் நாலு கீறு கீறிட்டு 'மில்லிங் முடிஞ்சது'ம்பாங்க. மில்லிங் பண்ணின ரோடு உழுத வயல் மாதிரி ஒரே சீரா வரி வரியா இருக்கும், அங்கங்க தார்ப் பொறுக்கு ஒட்டிக்கிட்டு இருந்தா அது மில்லிங்கே கிடையாது.

எப்போ கேக்கிறதுன்னா, வேலை பிப்ரவரிக்கு மேல செப்டம்பருக்குள்ள நடக்கிற மாதிரி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர்ல இறங்கிரும், ஈர ரோட்டுல சூடா கலவை போட்டா ஒட்டாது. மார்ச் மாசம் மட்டும் ரெண்டு கண்ணையும் திறந்து வச்சுக்கங்க, நிதியாண்டு முடியறதுக்குள்ள பில் போடணும்ங்கிற அவசரத்துல ராத்திரியோட ராத்திரியா நாலு தெரு போட்டுட்டுப் போவாங்க.

போடுற அன்னிக்கு சங்கத்துல யாராவது ஒருத்தர் தூங்காம நில்லுங்க. முதல்ல ரோட்டைக் கூட்டிட்டு ஒட்டுறதுக்கு எமல்ஷன், அதாவது தண்ணியில கலந்த தார், அடிப்பாங்க, அது காபி கலர்ல இருக்கும், கறுப்பா மாறின அப்புறம்தான் கலவை கொட்டணும், காபி கலர்லயே கொட்டினா நிறுத்தச் சொல்லுங்க. கலவை லாரி தார்ப்பாய் மூடி வரணும், கொட்டும்போது ஆவி பறக்கணும், கை வச்சு நிக்கிற அளவுக்கு ஆறிப் போயிருந்தா அதை ரோலர் எவ்வளவு உருட்டினாலும் இறுகாது. கனம் அளக்கிறதுல ஒரு தந்திரம் இருக்கு. கலவையைப் பரப்புற பேவர் மெஷின் பரப்பினவுடனே கம்பியைக் குத்தி 'பாருங்கம்மா 4 சென்டிமீட்டர்'னு காட்டுவாங்க, அது உருட்டாத கனம், ரோலர் ஏறினா மூணு மூணேகால்தான் மிஞ்சும். உருட்டின அப்புறம் 4 வேணும்னா பரப்பும்போது 5 இருக்கணும். பில் போடறதுக்கு முன்னாடி கோர் கட், அதாவது ரோட்டுல உருளையா ஒரு துண்டு வெட்டி எடுத்து கனம் பார்க்கச் சொல்லி எழுத்துல கேளுங்க, எடுக்கிறாங்களோ இல்லையோ, கேட்டவங்க இருக்காங்கன்னு தெரிஞ்சாலே கலவை கொஞ்சம் தாராளமா விழும். மேன்ஹோல் மூடியும் புது ரோட்டு மட்டத்துக்கு வரணும், மூடி மேலேயே தார் போட்டு மறைச்சுட்டுப் போனா அடுத்த அடைப்புக்கு எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு இருப்பீங்க.

இதெல்லாம் ஆகுறதுக்கு மாசங்கள் ஆகும். இந்த ஞாயித்துக்கிழமையே பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு: ஒவ்வொரு பத்து வீட்டுக்கும் ஒரு கேட் தூண்ல, இப்போ இருக்கிற ரோட்டு மட்டத்துல இருந்து சரியா 30 சென்டிமீட்டர் மேல சிவப்பு பெயின்ட்ல ஒரு கோடு போட்டு, பக்கத்துல தேதி எழுதி, டேப் பிடிச்சபடி போட்டோ எடுத்து சங்க குரூப்ல போட்டு வைங்க. ரோடு போட்ட மறுநாள் அதே தூண்ல திரும்ப அளங்க, 30 வரலைன்னா எத்தனை ஏத்தியிருக்காங்கன்னு எஞ்சினியர்கிட்ட காட்ட உங்க கையில அதுதான் இருக்கும்.